ஆவணிக்கு வரவேண்டிய அம்மா

டென்மார்க்கிலிருந்து ஆசிரியப் பயிற்சி மாணவிகள் இரண்டு பேர் வருகிறார்கள், கூட நின்று மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையிலிருக்கும் சிறுவர் கற்றல் நிலையத்தில் சொன்னபோது, சொல்லி முடிக்குமுன்னே கையைத் தூக்கியவள் நான். உயர்தரம் எழுதிவிட்டுக் கல்வியியற் கல்லூரிக்கு அழைப்பு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் திரிந்த காலம் அது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஊரைக் காட்ட வேண்டும் என்றொரு துடிப்பு வேறு.

நிலையம் ஒரேயொரு நீள அறை. பின்பக்க ஜன்னலால் பார்த்தால் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் நிற்பது தெரியும். முன் முற்றத்தில் மான்கள் வந்து பிள்ளைகளின் சாப்பாட்டுத் தாளை மென்றுகொண்டு நிற்கும். வந்தவர்கள் இருவரும் முதல் நாள் மானைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வெயில் பட்டு இருவரில் நெட்டையான டீச்சரின் முகம் சிவந்ததும் ஒரு வாண்டு சொன்னான்: "டீச்சர் றால் மாதிரி அவிஞ்சு போனா."

என்ன சொல்கிறான் என்று அவள் கேட்டாள். "நீங்கள் வடிவாம்" என்று மொழிபெயர்த்தேன். அவள் அவனுக்கு நன்றி சொன்னாள்.

தாய்மாருக்குத்தான் இவர்களைப் பிடிக்கவில்லை. "என்ன பிள்ளை, கொப்பியில ஒரு எழுத்தையும் காணேல்லை? விளையாடுறதெண்டால் வீட்டில விளையாடாதுகளே?" என்று என்னைத்தான் பிடித்தார்கள். விளையாட்டுத்தான் படிப்பு என்று நானும் எனக்குத் தெரிந்தமட்டில் விளக்கினேன். பாதி விளங்கியது எனக்கே அப்போதுதான்.

ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி எப்போதும் அலுமாரிக்குப் பக்கத்தில் இருப்பாள். காலையில் வந்தால் முதுகிலிருக்கும் பையைக் கழற்றமாட்டாள். எப்போதும் புறப்படத் தயாரானவள் மாதிரி. அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டுச் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்வது. பிள்ளையைச் சித்தி வளர்த்தார், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அம்மாவின் ஒப்பந்தம் ஆவணியில் முடிகிறது, முடிந்ததும் வந்துவிடுவார், தையில் முதலாம் ஆண்டுக்கு அவரே பிள்ளையைக் கூட்டிப்போவார் என்று பேச்சு. ஆனால் குவைத் மேடம் விடமாட்டேன் என்கிறாவாம், இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கிறாவாம்.

பையைக் கழற்று கழற்று என்று நாங்கள் எல்லோரும் அவளைக் கெஞ்சியிருக்கிறோம். நெட்டை டீச்சர் கெஞ்சவில்லை. ஒருநாள் மற்றப் பிள்ளைகள் எல்லோரையும் பையை முதுகில் மாட்டச் சொன்னாள். தானும் தன் பெரிய பையை மாட்டிக்கொண்டு தரையில் ஊர்ந்தாள். "ஆமை" என்று நான் கத்தினேன். அறை முழுக்க ஆமைகள். அலுமாரிப் பக்கமிருந்த ஆமை கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு ஜன்னல்வரை ஓடியது.

"ஆமை மெல்லவெல்லோ போகோணும்" என்றான் றால் சொன்னவன்.

"இது அவசரமான ஆமை" என்றாள் அவள். அவள் குரலை அன்றுதான் சரியாகக் கேட்டேன்.

கூட்டிப்போக வந்த சித்தி வாசலில் நின்று அதைப் பார்த்தார். "பிள்ளை, இதை அக்கா பாக்கோணும். போனில எடுத்துத் தருவீங்களே?" என்றார். வந்தவர்களுக்குப் பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது என்று அவர்களின் கல்லூரியில் கட்டுப்பாடு. எனக்கென்ன கட்டுப்பாடு? அம்மாவே குவைத்திலிருந்து குரல் செய்தி அனுப்பினார்: "தங்கச்சி, கோடி புண்ணியம். எவ்வளவு எடுத்தாலும் அனுப்புங்கோ."

நான் அனுப்பினேன். ஆமை, பெயின்ற் பூசிய கை, மானுக்குப் பாட்டுப் பாடுவது. நன்றாக வந்ததைத்தான் அனுப்பினேன். வாசல் படலையில் நின்று சித்தியின் சீலையைப் பிடித்து அவள் அழுததை யார் அனுப்புவார்கள்? என் கணக்கு ஒன்றுதான். இந்தச் சிரிப்பைப் பார்த்தால் எந்த அம்மாவுக்கும் ஆசை கூடும், மேடமாவது ஒப்பந்தமாவது என்று ஆவணியில் ஓடி வந்துவிடுவார்.

ஒருநாள் அம்மா சொன்னார்: "அந்த ஆமை விளையாட்டை இங்க சின்னவருக்குக் காட்டினனான், தங்கச்சி. தலகாணியை முதுகில வைச்சுக்கொண்டு ஊருறார். ஒரே சிரிப்பு."

அதை நெட்டை டீச்சருக்கு மொழிபெயர்த்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையைப் பார்த்தாள். "அம்மா அங்கே, நான் இங்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூரிகைகளைக் கழுவப் போய்விட்டாள்.

பயிற்சிக் காலம் முடிந்து இருவரும் புறப்பட்ட அன்று கேக் வெட்டினோம். நெட்டை டீச்சர் அழுதாள். பெரிய ஆள் ஒருவர் அழுவதைப் பிள்ளை கேக்கைத் தின்றுகொண்டே ஆச்சரியமாகப் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். பையோடு அலுமாரிப் பக்கம் போய் இருந்தாள்.

அந்தக் கிழமையே சித்தி வந்து சொன்னார்: "அக்கா இன்னும் ரெண்டு வருசம் நிக்கப்போறாவாம்."

"ஏன்? வாறனெண்டு சொன்னவ தானே?"

"பிள்ளை அழுதுகொண்டு கிடந்தா வந்திருப்பாவாம். இப்ப இவ்வளவு சந்தோசமா இருக்கிறவளை ஏன் வந்து குழப்புவான் எண்டு கேக்கிறா. வீட்டுக்கு மேல்கூரையும் போடோணுமெல்லோ."

"தையில பள்ளிக்கூடத்துக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தான். வேற ஆர்?"

"கையெழுத்து வைச்சிட்டாவே?"

"இல்லை. இந்த மாசக் கடைசியில."

அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது என்று என் புத்தி ஓடியது. அடுத்த நாள் போனை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். கூப்பிடவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பையின் வாரை வாயில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் யாரோ மோதிவிட்டு ஓடினார்கள், அதற்கும் திரும்பவில்லை. அப்படியே எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பினேன்.

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. அன்று முழுக்கப் பதில் இல்லை. எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம்கூட. அழுகிறார், பெட்டி கட்டுகிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். மறுநாள், சித்தி பிள்ளையைக் கூட்டிப்போக வந்து நின்ற நேரத்தில், குரல் செய்தி வந்தது. இருவரும் படலையடியில் நின்று கேட்டோம்.

"தங்கச்சி, வீடியோ பாத்தனான். இப்ப குழப்படி இல்லாம ஒரு இடத்தில இருக்கிறா என்ன. நல்லம். பள்ளிக்கூடம் போற பிள்ளை அப்பிடித்தானே இருக்கோணும்." பிறகு கோப்பைகள் கழுவும் சத்தம் மட்டும். ஒரு சின்னப் பையன் எங்கோ கூப்பிட்டான். அவர் அரபியில் ஏதோ பதில் சொன்னார், செய்தி முடிந்தது.

"அக்கா, அவவுக்கு விளங்கேல்லை" என்றேன் சித்தியிடம். "பிள்ளை ஏங்கிப்போய் இருக்கிறா எண்டு நான் எழுதி அனுப்பட்டே?"

"விளங்காமலே? எல்லாம் விளங்கினதுதான். கூடப் பிறந்தவ, எனக்குத் தெரியாதே அவட குரல்."

"பிறகேன் அப்பிடிச் சொல்றா?"

"பின்ன என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை?" சித்தி உள்ளே எட்டிப் பார்த்துப் பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "இனி இப்பிடியான வீடியோ அனுப்பாதேங்கோ. சிரிக்கிறதை மட்டும் அனுப்புங்கோ. அவ அங்க நிண்டு வேலை செய்யோணுமெல்லோ."

பிள்ளை வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். நான் ஓம் என்றேன்.