பக்கத்து நெரையில் எடுத்த கொழுந்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குத் தனிக் கூண்டெல்லாம் கிடையாது. மாதம் ஒருமுறை அக்கரப்பத்தனையிலிருந்து சாமியார் வருவார். மூலையில் ஒரு நாற்காலி, மறைப்புக்குக் கயிற்றில் ஒரு பழைய சேலை. நான் எப்போதும் மூன்று பாவங்களைச் சொல்வேன்: பொய் சொன்னேன், புருஷனை ஏசினேன், பூசைக்கு வராமல் தூங்கிவிட்டேன். மூன்றும் சாமியாருக்கு மனப்பாடம்.

போன வருடம் நாலாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. முழங்கால் வீங்கி, மலையில் நான் நொண்டிக்கொண்டிருந்த நேரம். கொழுந்து எடுக்க ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு செடி வரிசை, பிரித்துக் கொடுப்பார்கள். அவரவர் நெரையில்தான் கை வைக்கலாம்; எடை குறைந்தால் சம்பளமும் குறையும். பக்கத்து நெரை அக்கா எனக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டார். அவர் நெரை ஓரத்தில் சில செடிகளில் கொழுந்து அப்படியே நின்றது. கங்காணி அந்தப் பக்கம் திரும்பினார், என் கை இந்தப் பக்கம் போய்விட்டது. ஒருநாள் இல்லை, ஒரு வாரம்!

அடுத்த மாதம் மகளுக்கு முதல் நன்மை, பூசையில் சாமியார் கையால் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அம்மாவும் பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. திருட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது? முந்தின நாள் சேலைக்குப் பின்னால் போய்க் கக்கிவிட்டேன். நாலு செபத்தோடு விடுவார் என்று பார்த்தால், "அந்த அம்மாகிட்டயே போய்ச் சொல்லிருங்க, அதான் ஒங்களுக்கு அபராதம்" என்றார் சாமியார்.

"ஐயோ சாமி, அவங்க வாய் வாட்ஸ்அப்ப விட வேகம். தோட்டமே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

அக்கா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். நம் அபராதம் பற்றியெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? நான் போனபோது, மலையிலிருந்து பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க நெரையில நான் கொழுந்து திருடிட்டேன்."

துணி அடிப்பதை அவர் நிறுத்தவேயில்லை. "திருடுனியா? அடி கூறுகெட்டவளே! நொண்டிக்கிட்டு வர்றியேன்னு நான்தான் ஓரத்துல ரெண்டு ரெண்டு செடியா விட்டுட்டுப் போனேன். ஏன் விடுறேன்னு கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனதும் நான்தான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் சுமந்த பாவம். அதைப் போய் இப்படி ஒரே பேச்சில் பிடுங்கிக்கொண்டாரே! வீம்பு விடவில்லை.

"அப்ப நாளன்னைக்கு நீங்க என் நெரையில எடுத்துக்குங்க. சரிக்குச் சரி."

அக்கா அப்போதுதான் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன் நெரையிலயா? முத்துன எலையும் புல்லுந்தான் கெடக்கு. அங்க என்னடி இருக்கு, நான் எடுக்க?"

சிரிப்பு வந்தது, அதற்குள்ளேயே அழுகையும் வந்துவிட்டது. மறுநாள் பூசையில், மகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கொடுக்க ஒன்றுமில்லாதவளாக நன்மைக்கு வாயைத் திறந்தேன்.