மைக்கில் சொல்ல வேண்டிய பெயர்

விடியற்காலையில் விழிப்பு வந்ததும் படுக்கையிலேயே உட்கார்ந்து காது கொடுக்கிறேன். மேற்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் வார்த்தையில்லாமல் ஒரு மெட்டை முனகுகிறது. நாலாவது அடியில் ஒரு திருப்பம், அங்கே மூச்சு வாங்கி மறுபடி தொடக்கம். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. ஓடு சரிந்து பதினொரு இடத்தில் வானம் தெரிகிறது. மனைவியிடம் சொன்னால் காதில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்கிறாள். இரண்டு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டேன். அழுக்கு இல்லை.

அது ஹார்மோனியம் மாஸ்டரின் வீடு. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எந்த நாடகக்காரருக்குப் பாட்டு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் இடுப்பளவு மண்சுவர் மட்டும். நெய்யாற்றின்கரையில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்த இருபத்தேழு வருஷமும் காலை எட்டேகாலுக்கு நான் வீட்டை விட்டு இறங்குவேன். அந்த நேரத்தில் மாஸ்டரின் மனைவி பின்பக்கம் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டே எதையாவது முனகிக்கொண்டிருப்பார். மூன்று நாலு நாள் கழித்து அதே மெட்டு மாஸ்டரின் ஹார்மோனியத்தில் கேட்கும். நாடகக்காரர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். டயரியில் குறித்து வந்தேன். பத்தொன்பது மெட்டுகள். பத்தொன்பதும் முதலில் முனகலாக வந்து பிறகு ஹார்மோனியத்துக்குப் போனவை. ஒன்றுகூட மறுவழியில் வரவில்லை. இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக் காரியத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாஸ்டர் இறந்துபோனார். முனகல் மட்டும் நிற்கவில்லை. நானும் பென்ஷன் வாங்கத் தொடங்கியிருந்தேன். எங்கள் வாசகசாலையின் ஓணக் கொண்டாட்டத்துக்கு வருஷம் ஒரு நாடகம் எழுதுவது என் வழக்கம். எட்டு எழுதியிருந்தேன், எட்டும் சிரிப்பு நாடகம். ஒன்பதாவதுக்கு விஷயம் கிடைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முனகல் கேட்டது. எழுதிவிட்டேன். மனைவி அடுக்களையில் மெட்டுப் போடுகிறாள், கணவன் மேடையில் பொன்னாடை வாங்குகிறான். அவள் பெயரை யாராவது கேட்டு, அவள் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் பால் பொங்கும், கோழி கூவும், கணவன் தும்முவான். கடைசிவரை பெயர் வெளியே வராது. எழுதும்போது நானே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பாட்டுக்கு எங்கே போவது? சுவரோரம் போய் நின்றேன்.

“அக்கா, ஒரு நாடகம் எழுதியிருக்கேன். ஏழு பாட்டு வேணும்.”

“மாஸ்டரு இல்லியே சாரே.”

“மாஸ்டரு இருந்தப்பளும் மெட்டு போட்டது ஆருன்னு எனக்குத் தெரியும்.”

சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது. “எத்தன நாளாத் தெரியும்?”

“இருபது வருஷமாட்டு.”

“இருபது வருஷமா சாருக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?”

கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள ஆரு?” என்றார்.

“அது சும்மா கதையாக்கும் அக்கா.”

“ஓ, கதை.” சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார். “செய்து தாறேன். நாடகம் தொடங்குததுக்கு முன்ன மைக்கில எனக்க பேரச் சொல்லணும். மாஸ்டருக்க பெஞ்சாதின்னு சொன்னாப் போராது. பேரு. ஒருக்கா காதால கேட்டாப் போரும்.”

“சொல்லாம இருப்பனா?”

ஒன்பது நாளில் ஏழு மெட்டும் கிடைத்தன. அறிவிப்புத் தாளை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் பக்கத்து வீடு. எனக்கு அவர் அக்கா, மற்றவர்களுக்கு மாஸ்டருக்க பெஞ்சாதி. மனைவியைக் கேட்டேன். “மாஸ்டருக்க பெஞ்சாதின்னு விளிப்போம். அல்லாம என்ன பேரு?” என்றாள். அவரிடமே கேட்க வெட்கமாக இருந்தது. பஞ்சாயத்து ஆபீசில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் ஓண விடுமுறை, பூட்டு தொங்கியது. தாளில் பதின்மூன்று பேரின் பெயரை எழுதி, ‘இசை’ என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். அன்றைக்கு மைதானத்தில் எப்படியாவது கேட்டு நிரப்பிவிடலாம் என்று எண்ணம்.

அன்றைக்குப் பார்த்து கதாநாயகனின் மீசை ஒட்டவில்லை. திரைக் கயிறு சிக்கிக்கொண்டது. தாள் வாசகசாலை செயலாளரின் கைக்குப் போய்விட்டது. அவன் காலி இடம் விடுகிற ஆள் இல்லை.

“இசை, காலஞ்சென்ற நம்ம ஹார்மோனியம் மாஸ்டர்!”

மைதானம் முழுக்கக் கைதட்டல். திரை திறந்தது. முதல் காட்சியே மனைவியின் மெட்டுக்குக் கணவன் பொன்னாடை வாங்குவதுதான். கைதட்டல் அடங்கும் முன்னே சிரிப்பு தொடங்கியது.

எத்தனை இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போடுவது என் பழக்கம். திரையின் ஓரத்தில் கோட்டுத் தாளோடு நின்று பார்த்தேன். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் அக்கா. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கமுகு மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்பது போல. மேடையில் கோழி கூவியது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கை தானாகக் கோடு போட்டது.

இடைவேளையில் செயலாளரைப் பிடித்தேன். “எலே, எடம் வெறுதே கெடந்தா வந்து கேக்கப்பிடாதா?”

“என்ன அண்ணே, நம்ம ஊருல பாட்டுன்னா மாஸ்டராக்கும். நீங்க எழுத மறந்துட்டியன்னு நெனச்சேன்.”

அவன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் போனேன். அக்கா கிழங்குத் துண்டுகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

“தப்பு பற்றிப்போச்சு அக்கா.”

“மைக்குக்காரனுக்கு சாரு என்ன எழுதிக் குடுத்தது?”

“எடம் விட்டிருந்தேன்.”

“எதுக்கு?”

நான் குனிந்து ஒரு கிழங்குத் துண்டைத் திருப்பிப் போட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எனக்க பேரு சாருக்குத் தெரியுமா?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னார். நாலெழுத்து. முதலில் மெதுவாக, தனக்கே பழக்கமில்லாதது போல. பிறகு ஒரு தடவை உரக்க.

“கேட்டியளா? கோழி ஒண்ணும் கூவல்ல.”



பனச்சமூட்டிலிருந்து ஒரு சங்கத்தார் அதே நாடகத்தைத் தங்கள் ஊரில் போடக் கேட்டு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இந்தத் தடவை நானே மைக்கில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா வரத் தயங்கினார். “அந்தச் சிரிப்புக்க எடையில நான் இன்னொருக்கா இருக்கணுமா?” என்றார். ஆனால் வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த முண்டும் நேரியலும் உடுத்தி, பெண்கள் பக்கம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மைதானத்தில் எங்கள் ஊர்க்காரர்களே அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், மறுபடி சிரிக்க வந்தவர்கள். மற்றவர்கள் கதையைக் கேள்விப்பட்டு வந்தவர்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

“இந்த நாடகத்தின் ஏழு பாட்டுக்கும் மெட்டுப் போட்டவர் ஒரு பெண். அவர் பெயர்...” என்று நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கோழி போலக் கூவினான்.

சிரிப்பு கிளம்பியது. அது அடங்குமுன் பெயரைச் சொன்னேன். சிரிப்பு அதிகமானது. எட்டு வருஷம் என் நாடகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். நாடகம் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

“இது நாடகம் இல்லை. நிஜம்” என்றேன்.

விசில் பறந்தது.

“சத்தியமாகச் சொல்கிறேன். மாஸ்டர் போட்ட மெட்டுகளும் இவர் போட்டவைதான். நான் எண்ணி வைத்திருக்கிறேன், பத்தொன்பது!”

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்த வரிக்கும் அப்படிச் சிரிப்பு கிடைத்ததில்லை.

பெயரைக் கேட்டதும் அக்கா எழுந்து நின்றிருந்தார். மைக்கில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார். கைகூட கும்பிடப் பாதி உயர்ந்திருந்தது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்துக்குள் உட்கார வைத்த நடிகை என்று எண்ணி, கையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நாடகம் முடிந்து பாறசாலை பஸ்ஸில் ஏறினோம். அக்கா முன்னால் பெண்கள் சீட்டில், நான் இரண்டு வரிசை தள்ளிப் பின்னால். பக்கத்தில் இருந்த ஒரு பெண், நாடகம் பார்த்தவள், அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

“நீங்கதானே எந்திச்சு நின்னது? அய்யோ, அசலா நடிச்சியளே! நெசம்னே நெனச்சுப்போட்டேன்.”

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“உங்க பேரு என்னக்கா?”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. எந்தச் சத்தமும் குறுக்கே வரவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஹார்மோனியம் மாஸ்டருக்க பெஞ்சாதியாக்கும்.”