இரண்டு பேருக்கு மட்டும்

எங்கள் வீட்டு வாசல் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. நகரசபை கொடுத்த பெர்மிட். நாள் வாடகைக்குத் தங்க வருகிறவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாதாம். கனடாவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் அதைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும். வந்தவர்களை எண்ணி உள்ளே விடுகிற வீட்டிலா நான் வளர்ந்தேன்?

சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவைக்கு முந்தின நாளே எங்கள் கூடம், மாடி, நடை எல்லாம் ஜனமாக இருக்கும். நாங்கள் சமையலறையில் முடங்கிக்கொள்வோம். நகராட்சி ஆள் நோட்டோடு வந்து எத்தனை பேர் என்று கேட்பார். அதைப் பார்த்துத்தான் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். பன்னிரண்டு பேர் இருந்தால் அப்பா கூசாமல் இருபது என்பார். பள்ளிக்கூட வாத்தியார் அவர். வருஷத்தில் அவர் சொல்கிற பொய் அது ஒன்றுதான்.

அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. என் கணவருக்கு வேலை போன வருஷம் அது. இங்குள்ள பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோருக்குக் கீழறையை விட்டுத்தான் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து எத்தனை பேர் என்றார். இருந்தது மூன்று பேர். நான் பெருமையாக ஆறு என்றேன்! காபி வேறு கொடுத்தேன். முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார். அடுத்த தடவை, கூடுதலாக இருந்த இருவரையும் சொந்தக்காரர்கள் என்று சாதித்தேன். பேர் கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே! அபராதம் போட்டுவிட்டார். மூன்றாம் தடவை பிடிபட்டால் பெர்மிட் ரத்து, ஒரு வருஷத்துக்கு யாரையும் வைக்க முடியாது என்று கடிதமும் வந்தது. இனி நான் உண்மையே சொன்னாலும் அந்த மனிதர் நம்பப்போவதில்லை.

ஜூன் மாதம், நல்ல மழை. கீழறையில் ஏற்கெனவே இரண்டு பேர். ஹோட்டலில் இடம் கிடைக்காத ஒரு தம்பதி பெட்டியோடு வந்து நின்றார்கள். பட்டம் வாங்கப்போகும் அவர்கள் மகன் எங்கள் விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

என் ஊரும் தெருவும் தெரிந்ததும், “எங்களுக்குக் காஞ்சிபுரம் பக்கத்துல தென்னேரிம்மா,” என்றாள் அந்த அம்மா. “கருட சேவைக்கு வந்தா உங்க தெருவுலதான் தங்குவோம்.”

காபி போட்டுக் கொடுத்தேன். என் கணவர் கதவுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நீள சோபா அவர்கள் கண்ணெதிரே காலியாகக் கிடந்தது. இடமில்லை என்று சொன்னேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு கூசியது.

“பரவால்லம்மா. எங்களால உனக்கு எதுக்குத் தொல்லை?” என்று அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

பக்கத்து ஊர் ஹோட்டலுக்கு என் கணவர் அவர்களைக் காரில் அழைத்துப்போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம். மறுநாள் கருட சேவை. தம்பிதான் எடுத்தான்.

“வூடு நிறைஞ்சு கெடக்குதுக்கா. உன் ரூமையும் தொறந்து வுட்டுட்டேன், தாமல்லேர்ந்து எட்டு பேரு வந்துக்கினு இருக்காங்க. அப்பா தண்ணி லாரிக்கு இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டாரு.”

“இந்த வருஷமும் பொய்யா?” என்றேன்.

“எண்ணிப் பாத்தா இருபத்தினாலுதான் வருது. கேட்டா, மிச்சம் ஒண்ணு நீதான்னு சொல்றாரு.”

போனை வைத்துவிட்டுக் காலி சோபாவில் உட்கார்ந்து அழுதேன். எதிரே அந்த இரண்டு காபி டம்ளர்களும் அப்படியே இருந்தன. அங்கே எங்கள் தெருவுக்கு என் பங்குத் தண்ணீரும் வந்துகொண்டிருந்திருக்கும்.