பன்னிரண்டு தாள்

சனிக்கிழமை மத்தியானம் ஆர்லிஸ் ஹோக்ஸ்ட்ராவின் சமையலறைக்குள் ஒருத்தரும் நுழையக்கூடாது. தும்மக்கூடாது, மின்விசிறி போடக்கூடாது, நாயை உள்ளே விடக்கூடாது. மேசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, புருஷனின் ஹெல்மெட் கண்ணாடியை நடுவில் வைத்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு தூசி மாட்டிக்கொண்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூட உணவறையில் முந்நூறு பிள்ளைகளுக்குத் தினமும் தடதடவென்று சமைத்துப் போடுகிறவள்தான். ஆனால் இந்த வேலைக்கு உட்கார்ந்தால் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவாள்.

எங்கள் அயோவாவில் ஸ்பிரின்ட் கார் என்கிற பந்தயக் கார் ஓட்டுகிறவனுக்கு என்ஜின் எப்படியோ அப்படித்தான் அந்தத் தாளும். களிமண் பாதை; முன்னால் போகிற கார் வாரியடிக்கிற சேறு அப்படியே முகத்தில் வந்து அப்பும். கண் மறைந்ததும் ஓட்டுகிறவன் இடது கையால் மேல் தாளை இழுத்துப் பிய்த்து எறிவான். அடியில் அடுத்த தாள் பளிச்சென்று இருக்கும். ஒரு இழுப்புக்கு ஒன்றுதான் வர வேண்டும், இரண்டு வரக்கூடாது. ஆர்லிஸ் பன்னிரண்டு வைப்பாள். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் வைத்த தாள் சேர்ந்து வந்ததில்லை.

வெர்லின் வாரம் பூராவும் டிராக்டர் தொழிற்சாலையில் வெல்டிங் வைப்பான். சனிக்கிழமை சந்தை மைதானத்துப் பந்தயப் பாதையில் பறப்பான். அவனை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கார்தான் அவனுடையது, என்ஜின், டயர், எரிபொருள் எல்லாம் கிளீட்டஸ் புரன்ஸின் புண்ணியம். கிளீட்டஸுக்குப் பன்றித் தீவன வியாபாரம். காரின் தலைமேல் கதவைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும் இறக்கையில் 'புரன்ஸ் தீவனம்' என்று மஞ்சள் எழுத்தில் அவன் பெயர் இருக்கும்.

"ஏய் வெர்லின், ஓட்டறது எப்படியோ ஓட்டு. கவுந்து மட்டும் தொலைக்காதே. என் பேர் தலைகீழாத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்பான் கிளீட்டஸ்.

"உன் பேரை மனுஷன் எவன் படிக்கிறான்? பன்னிங்கதானே உன் சாப்பாட்டைத் திங்குது. அதுங்களுக்குத் தலைகீழா இருந்தாத்தான் வசதி" என்பான் வெர்லின்.

ஆர்லிஸ் மட்டும் சிரிக்க மாட்டாள். அந்த மைதானத்தில் மூன்று சாவு பார்த்தவள் அவள். காருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை கொண்டுவந்தால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. புதிதாக வந்த யாராவது பொட்டலத்தைப் பிரித்தால் போதும், பாய்ந்து பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூலை. இரண்டு நாள் மழை. பாதை சொதசொதவென்று கிடந்தது. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே முதல் போட்டி. வெர்லின் காருக்குள் உட்காரக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். கிளீட்டஸ் மூச்சு வாங்க ஓடிவந்தான். கையில் ஒரு நீளமான பட்டை, ஸ்டிக்கர். அதிலும் 'புரன்ஸ் தீவனம்'.

"ஆர்லிஸ், டிவிக்காரங்க வந்திருக்காங்க. முகத்தைக் கிட்டத்துல பிடிப்பாங்களாம். எனக்குத் தீவனம் அனுப்புற கம்பெனி ஆளுங்க நாலு பேர் கேலரியில உட்கார்ந்திருக்காங்க. இதைக் கண்ணாடி நெத்தியில ஒட்டிடும்மா, புண்ணியமாப் போகும்."

"இப்பவா? இதை முதல்ல ஒட்டணும் கிளீட்டஸ். தாளெல்லாம் அதுக்கப்புறம்தான் வைக்கணும். இப்ப எல்லாத்தையும் கழட்டணுமே!"

"ரெண்டு நிமிஷ வேலைதானே?"

இரண்டு நிமிஷமா! அரைமணி வேலை. கழற்றின தாள் மறுபடி உதவாது, புதுத்தாள் வீட்டில் இருக்கிறது. அந்த மனுஷனோ வருஷம் பூராவும் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தவன், ஒன்றே ஒன்று கேட்கிறான். எப்படி முடியாது என்பது? ஆர்லிஸ் பட்டையைத் தாள்களுக்கு மேலேயே ஒட்டிவிட்டாள். ஓரத்தை விரலால் நன்றாக அழுத்தியும் விட்டாள். அழுத்தும்போதே, இந்தப் பசை பன்னிரண்டு தாளின் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்குமே என்று அவளுக்கு உறைத்தது. சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள், காரைத் தள்ளிக் கிளப்புகிற டிரக் பின்னால் வந்து முட்டி, என்ஜின் பிடித்து, அவன் போய்விட்டான்.

இரண்டாவது சுற்று, மூன்றாவது திருப்பம். வெர்லினுக்கு வெளிப்பக்கம் டெரில் டாஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையன் போய்க்கொண்டிருந்தான். பக்கத்து ஊர்க்காரன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. சக்கரத்தோடு சக்கரம் மோதியது. வெர்லினின் கார் அவன் சக்கரத்தில் ஏறி எகிறி, ஏழு தடவை புரண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

கழுத்தெலும்பு போய்விட்டது. உயிர் தங்கியது, தலையும் வாயும் தவிர வேறொன்றும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஹெல்மெட்டைப் பையில் போட்டு ஆர்லிஸிடம் கொடுத்தாள். ஆர்லிஸ் பையைப் பிரித்தாள். கண்ணாடி முழுக்கச் சேறு, கெட்டியாகக் காய்ந்திருந்தது. பட்டை இல்லை. தாளும் இல்லை, ஒன்றுகூட இல்லை. இரண்டு சுற்றில் பன்னிரண்டு தாளா? அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்தக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஏன் கழுவினாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

நான்காம் நாள் போட்டி அதிகாரி வந்தார். ஆர்லிஸ் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

"டெரில் வெளிப்பக்கத்துலேருந்து உன் வழிக்குள்ள இறங்கி மோதினானா வெர்லின்?"

வெர்லின், "ஆமா, அவன்தான்" என்றான்.

அவ்வளவுதான், அந்தப் பையன் கதை முடிந்தது. எங்கள் ஊர் ஜனங்களைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல! நல்ல ஜனங்கள்தான், ஒருத்தன்மேல் திரும்பாதவரை. அடுத்த சனிக்கிழமை டெரிலின் பேரை ஒலிபெருக்கியில் சொன்னதும் மைதானமே எழுந்து கூச்சல் போட்டது. பீர்க் குவளை பறந்தது. அவனுக்குக் காசு கொடுத்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து காரிலிருந்து தங்கள் பெயரை உரித்துக்கொண்டு போனார்கள். உதிரிபாகக் கடைக்காரன் உரித்தான், பெயின்ட் கடைக்காரன் உரித்தான். கடைசியில் எண் மட்டும்தான் மிச்சம். அவன் ஓட்டுவதை விட்டான். குடிக்க ஆரம்பித்தான். கட்டின பெண் இரண்டே வருஷத்தில் போய்விட்டாள்.

ஆர்லிஸ் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்திருப்பாள். ஆனால் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை போட்டுக் கொடுத்தவன் கிளீட்டஸ், அவனைக் காட்டிக்கொடுப்பதா? படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனிடம் போய், உன்னை இப்படி ஆக்கியது நான் என்பதா? அவன் முகம் திருப்பிக்கொண்டால் அப்புறம் அவள் எங்கே போவாள்? அந்தப் பயம் அவள் வாயைக் கட்டிப்போட்டது. பேசாமல் அவனைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப்போட்டாள். இருபத்திரண்டு வருஷம்.

அப்புறம் ஒருநாள் மளிகைக்கடையில் டெரிலின் தாய் வில்மா அவள் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷமாக அவளைக் கண்டால் ஆர்லிஸ் அடுத்த வரிசைக்குள் புகுந்துவிடுவாள். அன்றைக்கு முடியவில்லை.

"ஆர்லிஸ், ஓடாதே. கொஞ்சம் நில்லு. டெரிலுக்கு ஈரல் போயிடுச்சு. டி மாய்ன் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். பத்து நாள் தாங்கினா அதிகம்ங்கறாங்க."

"ஐயோ."

"கேக்கவே கூசுது. ஆனா கேக்கறேன். வெர்லின் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாப் போதும். மன்னிச்சுட்டேன்னு. என் பிள்ளை நிம்மதியாக் கண்ணை மூடுவான்."

ஆர்லிஸுக்கு வாங்க வந்த சாமான் என்னவென்றே மறந்துவிட்டது. சாமான் தள்ளுவண்டியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெர்லின் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். அவன் எதிரில் போய் நின்று, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்: பட்டை, பசை, சேறு காய்ந்த கண்ணாடி.

"டெரில்மேல தப்பே இல்ல வெர்லின். நீ ஒண்ணை இழுத்தே, பன்னெண்டும் வந்துடுச்சு. நான் பண்ணின வேலை. கண் தெரியாமப் போயி நீதான் அவன்மேல ஏறினே."

வெர்லின் கண்ணை மூடித் திறந்தான். "கைக்குள்ள தடியா இருந்துச்சு."

"என்னது?"

"இழுத்தப்போ. ஒரு தாளுன்னா கையில தெரியவே தெரியாது. அது ஒரு கத்தை. எனக்கு அப்பவே தெரியும் ஆர்லி."

ஆர்லிஸ் அவன் முகத்தருகே குனிந்தாள். "அடப்பாவி! தெரிஞ்சா அந்த அதிகாரிகிட்ட எதுக்கு அவன் பேரைச் சொன்னே?"

"அந்த ஆளு கேட்டப்போ நீ என் தலைமாட்டுல நின்னே. நீ அழுத அழுகை என் நெத்தியில சொட்டுச்சு. யார் பேரையாவது சொல்லணும். உன் பேரைச் சொல்லச் சொல்றியா?"

"எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்குத் தெரியவே கூடாதுன்னுதான் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

ஆளுக்கு ஒரு பக்கமாக ஒரே உண்மையை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆர்லிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேருமாச் சேர்ந்து அந்தப் பையனைத் தின்னுட்டோமேடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். டெரிலுக்கு நாற்பத்தொரு வயது; பார்த்தால் அறுபது. மேனியெல்லாம் மஞ்சள், வயிறு உப்பிக் கிடந்தது. வெர்லினைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். வில்மா தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

ஆர்லிஸ் சொன்னாள். ஒன்று விடாமல், மறைக்காமல், அழாமல் சொன்னாள். வெர்லினும் சொன்னான். "டேய் டெரில், எனக்கு ஒண்ணுமே தெரியலடா. எல்லாம் சேறு. நான்தான் உன்மேல வந்தேன். நீ உன் வழியில ஒழுங்காத்தான் போனே."

டெரில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அம்மா சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்லடா, சத்தியமா இல்ல!" என்றாள் ஆர்லிஸ்.

"நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா நான்தான் இறங்கினேன். தினமும் அதையேதான் கண்ணுக்குள்ள பாக்கறேன், எனக்குத் தெரியாதா? ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினது இப்பக்கூடக் கையில தெரியுது. முந்தணும்னு வெறி எனக்கு." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எனக்காக இப்படி ஒரு கதை கட்டி, அதுல உங்க தலையிலேயே பழியப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. இது போதும்."

"கதை இல்லடா!" ஆர்லிஸ் கத்திவிட்டாள். "நீ திருப்பவே இல்ல! ஊரு சொல்லிச் சொல்லி உன் மண்டையில ஏத்திடுச்சு! நம்புடா, என் ராசா, நம்புடா!"

நர்ஸ் ஓடிவந்தாள். வில்மா ஆர்லிஸை அணைத்தபடியே வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் கண்ணில் தாரை தாரையாக நீர். "போதும் ஆர்லிஸ். அவனுக்குப் புரிஞ்சுது. நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். நீங்க இவ்வளவு பெருசாச் செஞ்சுட்டீங்க."

"வில்மா, நான் சொன்னது நிஜம்."

"சரிம்மா. சரி" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள் வில்மா.

வியாழக்கிழமை டெரில் இறந்துபோனான். அடக்கத்துக்கு எங்கள் ஊரிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். சர்ச் கீழ்த்தளத்தில் ஹாம் ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலட்டும் வைத்திருந்தார்கள். ஆர்லிஸ் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கிளீட்டஸுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவனிடம் போய், நீங்களாவது சொல்லுங்கள், பட்டை கொண்டுவந்தது நீங்கள்தானே என்று கெஞ்சினாள்.

"பட்டையா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா. பையன்தான் போயிட்டானே, இன்னும் எதுக்கு அதையே சொல்லிக்கிட்டிருக்கே? சாப்பிடு" என்றான் கிளீட்டஸ்.

இப்போது ஞாயிறுதோறும் சர்ச் விட்டதும் வில்மா வருகிறாள். ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டுதான் வருவாள். ஆர்லிஸை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. வெர்லினின் கழுத்தில் துண்டைச் சுற்றி, கரண்டியால் ஊட்டிவிட்டு, உதட்டையும் துடைத்துவிடுகிறாள். "என் பிள்ளை செஞ்சதுக்கு என்னால ஆனது இதுதான்" என்கிறாள். வெர்லின் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான்.