வாளிக்குள் இருபத்தாறு ஓம்

முப்பத்தேழரை டிகிரி. ஒரு வருடமாக அவள் வாழ்க்கை இந்த எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது. வாயைத் திறந்தால் இதுதான் வரும் என்பதால் தெருவில் அவளுக்கு டிகிரி அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதற்கு முன்னால் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பொந்துக்குள் எத்தனை கை நீண்டாலும் அவளுக்குக் கணக்குப் பிசகாது. தியேட்டரை இடித்ததும், முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டின் பின்னறையில் நிறுத்தினாள். பீரோ உயரம். தட்டுத் தட்டாக அறுநூறு முட்டை, அடியில் சூடேற்றும் கம்பிச்சுருள், மேலே ஒரு விசிறி. உள்ளே சூடு முப்பத்தேழரையிலேயே நிற்க வேண்டும். முதல் இரண்டு தடவையும் குஞ்சு வரவில்லை, நாற்றம்தான் வந்தது. மூன்றாவது தடவை முட்டை அடுக்கிய அன்று, "இதுவும் இப்படியே போச்சுன்னா பெட்டிய வித்துடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் லாரியில் ஏறினான்.

குஞ்சு வெளிவர இரண்டே நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், கம்பிச்சுருள் அறுந்தது. கடைக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமைதான் புதுச்சுருள் வருமாம். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை முறுக்கி இணைத்தாள். கம்பி குட்டையாகிவிட்டதே, சூடு கொஞ்சம் மட்டுப்படும், போர்வையைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைத்தாள்.

சூடு காட்டும் முள் முப்பத்தேழரையைத் தாண்டியது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. பெட்டி தானாக மின்சாரத்தை நிறுத்திய பிறகும், செக்கச்செவேலென்று கனன்ற கம்பி சூட்டைக் கக்கிக்கொண்டே இருந்தது. பாய்ந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

சாயங்கால ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனார் தோளில் துண்டோடு எட்டிப் பார்த்தாள். கணவனின் தங்கை, வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன அண்ணி, குஞ்சு பொரிக்கிறீங்களா, ஆம்லெட் போடுறீங்களா?"

"சூடு அடங்க மாட்டேங்குது."

"அப்ப கம்பிய இன்னும் கொஞ்சம் வெட்டுங்க. பாதியாக்கினா சூடும் பாதியாயிடும்ல."

நியாயமாகத்தான் பட்டது. ஸ்விட்சை அணைத்து, கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியில் வைத்தும்விட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஏற்கெனவே வெட்டியதால்தானே சூடு ஏறியது?

பிளேயரைக் கீழே போட்டுவிட்டு, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினாள். முதல் தடவை முட்டை கெட்டபோது வாங்கிய மீட்டர். கூடவே செல்போன் வீடியோ பார்த்து இரண்டு கணக்கும் கற்றிருந்தாள்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். கம்பி முழுசாக இருந்தபோது அளந்ததைப் பெட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தாள். இருநூற்று முப்பது வோல்ட், இரண்டு ஆம்பியர். தடை நூற்றுப் பதினைந்து ஓம், நானூற்று அறுபது வாட்.

இப்போது ஸ்விட்சைப் போட்டதும் மீட்டர் இரண்டரை ஆம்பியர் காட்டியது.

சாக்பீஸ் பறந்தது. தடை தொண்ணூற்றிரண்டாக இறங்கியிருந்தது. வாட் ஐந்நூற்று எழுபத்தைந்துக்கு ஏறியிருந்தது.

"ஏய், இங்க பாரேன்" என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள். "தியேட்டர்ல கியூவுக்கு வளைச்சு வளைச்சுக் கம்பி கட்டியிருப்பாங்கல்ல? அதுல பாதியப் பிடுங்கிட்டா கூட்டம் குறையுமா? இன்னும் வேகமா வந்து என் பொந்துல மோதும். இதுவும் அதேதான். குட்டையாக்கினா கரண்ட்டு கூடுதலாப் பாயுது."

"சரி, மறுபடி நீளமாக்குங்க."

"கம்பிக்கு எங்க போறது? இன்னொரு இருபத்துமூணு ஓம் வேணும்."

"என்னமோ பக்கத்து வீட்ல சர்க்கரை கேக்குற மாதிரி கேக்குறீங்க. நான் குளிக்கப் போறேன்." நாத்தனார் குளியலறைக்குப் போய், தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடை வாளிக்குள் தொங்கவிட்டாள்.

டிகிரி அக்காவின் பார்வை அந்த ராடில் போய் ஒட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கி, கைப்பிடியில் இருந்ததைப் படித்தாள். இரண்டாயிரம் வாட். இருநூற்று முப்பதால் வகுத்தால் எட்டே முக்கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தடை? இருபத்தாறு ஓமும் சொச்சமும்.

ராடையும் கம்பிச்சுருளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் மொத்தம் நூற்றுப் பதினெட்டு. கிட்டத்தட்ட பழைய கணக்கு. வாளியோடு பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் ராடின் சூடும் வீணாகாது. அதைவிட முக்கியமாக, கடைசி நாட்களில் குஞ்சு முட்டை ஓட்டை உடைக்கப் பெட்டிக்குள் ஈரம் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரே அதைக் கொடுத்துவிடும்.

"அண்ணி, அது என் வெந்நீர்."

"இனிமே அது குஞ்சுங்களோட வெந்நீர். நீ வாளிகிட்ட கை வைக்காத, ஷாக்கடிக்கும்."

மெயின் ஸ்விட்சை அணைத்தாள். இணைத்து, டேப் சுற்றி, பெட்டியின் அடியில் வாளியை வைத்துக் கதவைச் சாத்தினாள். ஸ்விட்சைப் போட்டதும் மீட்டர் இரண்டு ஆம்பியருக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. முள் மெல்ல மெல்ல முப்பத்தேழரைக்கு வந்து, தாண்டாமல் அங்கேயே உட்கார்ந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த நாத்தனாரும் பக்கத்தில் குந்திவிட்டாள். இருவரும் கண்ணை எடுக்கவில்லை.

"பச்சத்தண்ணியில குளிச்சிருக்கேன்" என்றாள் நாத்தனார். "ஒரு குஞ்சாவது வரலைன்னா அப்புறம் இருக்கு உங்களுக்கு."

சனிக்கிழமை காலை மேல்தட்டில் ஒரு முட்டை ஆடியது. ஓட்டில் விரிசல் விழுந்து, அதற்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மத்தியானத்துக்குள் தட்டு முழுக்கச் சத்தம். டிகிரி அக்கா போனைப் பெட்டிக் கதவருகே பிடித்து, லாரியில் இருக்கும் கணவனைக் கேட்கவைத்தாள். அவன் பெட்டியை விற்பது பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை புதுச்சுருள் வருகிறது. அதுவரை குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும், ராடு பெட்டிக்குள்தான் இருக்கும். நாத்தனார் பச்சைத்தண்ணீரில்தான் குளிப்பாள்.