எஸ்தருக்குத் தெரியாத கொலையாளி

பக்கத்து நாட்டுப் பத்திரிகையில் வரும் டெண்டர் விளம்பரத்தையும் பள்ளிக்கூடத் திறப்பு விழாச் செய்தியையும் சேர்த்துப் படித்து, அங்கே எந்தப் பட்டாளம் எந்த ஊருக்குக் குடிபோகிறது என்று சொல்வதுதான் எங்கள் தொழில். அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. நாயக்கர் காலத்துத் தஞ்சாவூரில் ஒருவனைக் கொன்றது யார் என்பதைக் கட்டின மனைவியிடமிருந்து கடைசி அத்தியாயம் வரை மறைத்து வைப்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம்.

டெல்லியில் மத்திய சர்க்காரின் ஓர் இலாகாவில் இருந்தேன். அதன் பெயரை அப்போதும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் கிடையாது. மேஜை, நாற்காலி, கட்டுக்கட்டாகக் காகிதம், ஆறிப்போன டீ. தொண்ணூறுகளின் நடுவில் ரிட்டயரானதும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஜனக்புரியில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தோம். வந்த சூட்டில் சரித்திரத் துப்பறியும் நாவல் எழுத ஆரம்பித்தேன். என் துப்பறிவாளர் திருமேனி, காவிரிக் கரையில் சுங்கச் சாவடி அதிகாரி. நாவல்கள் நன்றாகவே விற்றன. அடக்கமெல்லாம் எனக்கு வராது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு குறை. என் மனைவி எஸ்தர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயரானவள். என் முதல் வாசகி. கதை பாதி தாண்டுவதற்குள் கொலையாளி யார் என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போய்விடுவாள். அவளால் கண்டுபிடிக்க முடியாத ஒரு நாவலாவது எழுதிவிட வேண்டும் என்பது என் லட்சியமாகிவிட்டது. ரிட்டயராகி வீட்டோடு உட்கார்ந்து எழுதும் சகோதரர்களே, என் வேதனை உங்களுக்குப் புரியும்.

முற்றாக ஒதுக்கிவிட முடியாது

எங்கள் இலாகாவில் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. நாளைக்குச் சண்டை வரும் என்று எழுதி, வராமல் போனால் எழுதினவன் மாட்டிக்கொள்வான். வராது என்று எழுதி, வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஆகவே, 'வரக்கூடும் எனத் தோன்றுகிறது. வராமல் இருப்பதற்கான வாய்ப்பையும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது' என்று எழுதுவோம். இப்படி எழுதியே நான் மூன்று பிரமோஷன் வாங்கினேன்.

முதல் நாவலையும் அதே கையால்தான் எழுதினேன். கடைசி அத்தியாயத்தில் திருமேனி ராஜசபையில் எழுந்து நின்று, 'கொலையைச் செய்தது பெரும்பாலும் அரண்மனை வைத்தியர் எனத் தோன்றுகிறது. எனினும் சமையற்காரரையும் ராணியின் தம்பியையும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது மிகவும் நேர்மையான முடிவாகப் பட்டது. கையெழுத்துப் பிரதி சென்னைக்குப் போன மறு வாரம் பதிப்பாளர் எஸ்.டி.டி.யில் கூப்பிட்டார். கடைசிப் பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். பிறகு சொன்னார்: "சார், வாசகன் காசு குடுத்து வாங்கறான். அவனுக்கு ஒரு கொலைகாரனைக் குடுங்க, கமிட்டியைக் குடுக்காதீங்க!"

அங்க அடையாளம்

சரி, வைத்தியர்தான் என்று முடிவு கட்டித் திருத்தி எழுதினேன். ஜனவரி மாதம். மொட்டை மாடி வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வேர்க்கடலையும் ஆரஞ்சுப் பழமும் வைத்து, எஸ்தரை உட்காரவைத்துக் கையில் பிரதியைக் கொடுத்தேன். இரண்டு ஆரஞ்சு உரிப்பதற்குள் நிமிர்ந்து, "வைத்தியன்" என்றாள். கொலையே அப்போதுதான் நடந்திருந்தது. பிணத்தை இன்னும் யாரும் தூக்கக்கூட இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்று உண்டு. சந்தேகப்பட்ட ஆளுக்கு மட்டும்தான் முழு விவரமும் எழுதுவோம். மற்றவர்களுக்கு வெறும் பெயர் போதும். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. எஸ்தர் பாளையங்கோட்டைக்காரி, பேச்சும் அப்படியேதான் இருக்கும். கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள்: "இந்த வைத்தியன் ஒருத்தனுக்குத்தான் அப்பா பேரு, சொந்த ஊரு, உசரம், இடது காதுல மச்சம் எல்லாம் எழுதியிருக்கீங்க. மத்தவனெல்லாம் வாரான், போறான். பிடிச்சுக் குடுக்கப் போற ஆளுக்குத்தானே இவ்வளவு அடையாளம் வேணும்?"

தெரிய வேண்டியதற்கு மேல் தெரியக் கூடாது

இரண்டாவது நாவலில் வாசல் காவற்காரன் முதல் யானைப்பாகன் வரை எல்லாருக்கும் மச்சம் வைத்துவிட்டேன். பாதுகாப்பையும் பலப்படுத்தினேன். ஆர்.கே.புரம் மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் வைத்துத் தமிழ் டைப் அடித்துக் கொடுக்கும் ஜெயந்திதான் என் எழுத்தை அச்சுக்குத் தயார் செய்வாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் போகும் அதே சர்ச்சுக்கு அவளும் வருவாள். இதைவிடப் பெரிய ஓட்டை எந்த இலாகாவிலும் இருக்க முடியாது.

ஒருவனுக்கு அவன் வேலைக்கு வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும் என்பது எங்கள் வேதம். அதன்படி அத்தியாயங்களைக் கலைத்துப் போட்டு, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாகக் கொடுத்து அனுப்பினேன். அத்தியாய எண் கூடப் போடவில்லை. எஸ்தர் சர்ச்சில் எவ்வளவு தோண்டினாலும் ஜெயந்தியிடமிருந்து ஒன்றும் பெயராது என்று நிம்மதியாக இருந்தேன். பத்து நாள் கழித்து ஜெயந்தி போன் செய்தாள். குரலில் உண்மையான கவலை: "அங்கிள், போன வாரம் சுடுகாட்டுல எரிச்ச ஆளு இந்த வாரம் நல்லா சாப்பிட்டு வெத்தல போடறாரு. அச்சா, ஆள் பொழைச்சிட்டார்னா அந்தக் கேஸை விட்டுடலாமே?"

மிளகாய்

சரித்திர நாவல் எழுதுகிறவனை வாசகர் பிடிப்பது சரித்திரத்தில் அல்ல, சாப்பாட்டில். தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன் வரிசையில் ஒரு வங்கி மேனேஜர் எழுந்தார். தஞ்சாவூர்க்காரர். திருமேனி சாப்பிடும் குழம்பில் மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் இருப்பது தங்கள் ஜில்லாவுக்கே அவமானம் என்றார்.

எனக்கு இது அல்வா மாதிரி. ஒரு தகவல் வந்தால் அதைச் சம்பந்தமில்லாத வேறு இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் நான் காகிதத்தில் ஏற்றமாட்டேன். மிளகாய் கடல் தாண்டி வந்த சரக்கு, அந்தக் காலத்தில் எல்லா அடுப்புக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். சபை கைதட்டியது. மேனேஜர் மட்டும் உட்காரவில்லை. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து கேட்டார்: "நீங்க ஆதாரம் ஆயிரம் காட்டுங்க சார். காரமில்லாத கொழம்ப வச்சா எங்க முப்பாட்டன் எலையை விட்டு எழுந்து போயிருக்க மாட்டாரா?"

மீசை

என் பழைய மேலதிகாரி மல்ஹோத்ரா சாப் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் என் மூன்றாவது நாவலில், அரண்மனை ஒற்றர் தலைவர் கீழே இருப்பவன் கொடுத்த எச்சரிக்கையை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார் என்பது மட்டும் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. சும்மாவா, அவரும் அந்த இலாகாதானே.

எஸ்தர் கொண்டுவந்த இட்லியைச் சாம்பாரில் முக்கி, ஒன்றுமே நடக்காதது போல் மூன்று சாப்பிட்டார். பிறகு, அந்த ஆள் யார் என்று கேட்டார். முந்நூறு வருஷத்துக்கு மேலே போன ஆள் என்றேன். இழுப்பறையும் அந்தக் காலத்ததா என்று கேட்டார். நான் நாலாவது இட்லியை அவர் தட்டில் வைத்தேன். அப்படி ஓர் எச்சரிக்கை, அப்படி ஓர் இழுப்பறை இருந்ததா இல்லையா என்பதை நான் உங்களுக்கும் சொல்வதற்கில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே மல்ஹோத்ரா சாப் ஹிந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அடுத்த பதிப்பில் அந்த மனிதனுக்குப் பெரிய மீசை வைத்துவிடு. எனக்கு மீசை கிடையாது, ஊருக்கே தெரியும்."

திருடின தகவல்

ஐந்தாவது நாவலுக்கு வருவதற்குள் எஸ்தரின் கணக்கு நான்குக்கு நான்கு. இனி மறைத்துப் பயனில்லை, திசை திருப்ப வேண்டும் என்று தீர்மானித்தேன். நாம் கொடுக்கும் தகவலை எதிராளி நம்பமாட்டான். தானாகத் திருடிக்கொண்ட தகவலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

எழுதிக் கழித்த காகிதத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போடுவது என் பழக்கம். அன்று ஒரு தாளை மட்டும் இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் மேலாக வைத்தேன். கணக்கப்பிள்ளை ரத்தக்கறை படிந்த வேட்டியைத் துவைக்கும் காட்சி அதில் இருந்தது. பதிப்பாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்து, சமையலறைக்குக் கேட்கும்படி, "கணக்கப்பிள்ளைதான் சார், வேறே யாரு?" என்று போனில் கத்தினேன். உண்மையில் கொன்றவன் ஓடக்காரன். எஸ்தர் பிரதியைக் கையில் எடுத்தாள். பாதி தாண்டியது, வாயைத் திறக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கணக்கப்பிள்ளை" என்றாள். நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். மார்க்கெட்டுக்கு ஓடி ஜிலேபி வாங்கி வந்து அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். சர்தார்ஜி வீட்டம்மாள், பேரன் பிறந்திருக்கிறானா என்று கேட்டாள். அதைவிடப் பெரிய விஷயம் என்றேன்.

புத்தகம் அச்சாகி வந்த வாரம், எஸ்தர் தன் பழைய ஆஸ்பத்திரித் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரும் கையுமாகப் பால்கனியில். ஜன்னல் திறந்திருந்தது. பழக்க தோஷம், காது அந்தப் பக்கம் போய்விட்டது. "ஓடக்காரன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு கிரேஸ். கொலகாரன்னா இவருக்கு ரொம்ப மரியாதை வந்துரும். ஓடக்காரனைப் போய் 'அவர்', 'இவர்'ங்காரு. பாவம், குப்பைக் கூடையில எல்லாம் பேப்பர் வச்சுப் பாக்காரு. சரி, இந்த ஒரு தடவை ஜெயிக்கட்டும்னு விட்டுட்டேன்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். கோபமாகத்தான் போனேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் தடுமாறவில்லை, சிரிக்கவும் இல்லை. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மெட்ராஸ்ல மீட்டிங்னு சொல்லிட்டு, மே மாசத்துல பெட்டியில கம்பளி ஸ்வெட்டர் வைக்கச் சொல்லுவீங்க. நீங்க திரும்பி வார வரைக்கும் நான் தூங்குனதில்ல. ஆனா எங்க போறீங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? ஸ்வெட்டரை மடிச்சு வச்சேன். இப்பவும் அதைத்தானே செஞ்சேன்?"

ஆக, ஊர் ரகசியத்தையெல்லாம் கண்டுபிடிக்கச் சம்பளமும் பென்ஷனும் வாங்கிக்கொண்டது நான். அதே வேலையை வீட்டில் இத்தனை வருஷமும் சம்பளமில்லாமல் பார்த்துவந்தது எஸ்தர்.