மூலைக் கொடிகள்

என் வீட்டுக்காரர் ஒரு ஆண்கள் கல்லூரியில் தலைமைக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமை என்று தாளில்தான் இருந்தது. அவருக்குக் கீழே வேறு பயிற்சியாளர் யாரும் கிடையாது. பந்துக்குக் காற்றடிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, சுளுக்கினால் எண்ணெய் தேய்த்துவிடுவது எல்லாம் அவரே. பையன்களுக்குச் சுண்டல் அவிப்பது மட்டும் என் வேலை.

நான் எட்டாவது வரை படித்தவள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தையும் வடையையும் நகர்த்தி நகர்த்தி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்றுவரை புரியவில்லை. வடை ஆறிப்போவதுதான் மிச்சம். அதனால் ஆட்டத்தைப் பற்றி நான் எழுத முடியாது. மூலையில் நடுகிற கொடியைப் பற்றி எழுதலாம். அது எனக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் ஒரு சிறிய ஊரில் குடியிருந்தோம். அவர் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவர். நான் நாகூர்க் கடைத்தெருவில் வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் வயல் பழக்கமில்லை. அவருடைய வேலை தற்காலிகம்தான். வருடா வருடம் கல்லூரிக் கமிட்டி கூடி, இருக்கட்டும் என்று சொன்னால் இருக்கலாம். கமிட்டியில் ஊர் மிராசுதாரும் ஒருவர். அவருடைய மகன் கல்லூரி அணியில் முன்வரிசையில் ஆடினான். கோல் காத்தவன், அதே மிராசுதார் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பையன். நெடுநெடுவென்று இருப்பான். எனக்கு நேராக நின்று பேசமாட்டான். நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் ஒரு ஒற்றுமை.

கல்லூரி மைதானம் தாழ்வான இடம். ஐப்பசி மழைக்குத் தேங்கிய தண்ணீர் தை வரை வடியாது. மாசியில் அதிராம்பட்டினத்தில் போட்டி. பந்தென்றால் உயிரை விடுகிற ஊர் அது. எங்கே பழகுவது என்று இவர் தவித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரிக்குப் பின்னால் மேடான வயல் ஒன்று சும்மா கிடப்பதைப் பார்த்தார். மிராசுதாருடைய வயல்தான்.

அது ஏன் சும்மா கிடந்தது என்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் நடவுக்கு இறங்கவில்லை. வெளியூர் ஆள் வைத்து நட மிராசுதார் பார்த்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வரப்பில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டார்கள். கொடி ஏறிய வயலில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். பிறகு போலீஸ் வந்து கொடியைப் பிடுங்கியது. அதற்குள் பருவம் போய்விட்டது. ஊருக்கு அது சண்டைக்கார நிலம். இவருக்கு அது தண்ணீர் தேங்காத சமதரை.

"எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன் சார்" என்றான் மிராசுதார் மகன். மறுநாள், "சொல்லிட்டேன் சார்" என்றும் சொன்னான். அவன் பந்து ஆடுகிறான் என்பதே அப்பாவுக்குத் தெரியாது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அன்று சாயங்காலம் இவர் வந்து துணி கேட்டார்.

"நாலு மூலைக்கும் கொடி வேணும். கொடி இல்லாம கார்னர் அடிச்சா பயலுங்களுக்கு எல்லையே புரிய மாட்டேங்குது."

"வெள்ளைத் துணி இருக்கே."

"வெள்ளை வேணாம். தூரத்துலேருந்து பார்த்தா கொக்கு உக்காந்திருக்குன்னு நெனச்சுக்குவானுங்க."

என்னிடம் ஒரு பழைய சிவப்பு உள்பாவாடை இருந்தது. அதை நான்காக வெட்டினேன். இடுப்பில் நாடா கோக்கிற மடிப்பு ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் வந்தது. மூங்கில் குச்சியைச் சொருக அதுவே வசதியாக இருந்தது. தனியாகத் தைக்க வேண்டிய வேலையே இல்லை. அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. என்ன துணி என்று இவருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில், சார் சொன்னதை மறுத்துப் பேசத் தெரியாத கோல் காக்கும் பையன் குச்சிகளைக் கொண்டுபோய் நட்டான். மூன்று மூலை நட்டு நான்காவதுக்குப் போவதற்குள் மிராசுதாரின் ஆள் ஆற்றங்கரையிலிருந்து பார்த்துவிட்டு ஓடினான். மறுபக்கம் கூலித்தெருப் பெண்கள் வரப்பில் கூடிவிட்டார்கள்.

"யாருடி நட்டது? சங்கத்துல ஒண்ணும் சொல்லலியே!"

"எவன் நட்டா என்ன, வயல எடுத்தாச்சு!"

இவர் வாயில் விசிலோடு நடுவில் நின்றுகொண்டு, பந்துக்காகத்தான், பந்துக்காகத்தான் என்று இரண்டு பக்கமும் கத்தியிருக்கிறார். யார் கேட்டார்கள்? போலீஸ் வண்டி வந்தது. நான்காவது கொடியைக் கையில் வைத்திருந்தவனை, அந்தக் கொடிகளோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவனாத்தான் நட்டான்னு. எழுதினா என் வேலைக்கு ஒண்ணும் வராதாம்."

"எழுதலைன்னா?"

"கமிட்டி இருக்குல்ல."

"அவனை விட்டுடுவாங்களா?"

"எப்படி விடுவாங்க? கேஸ் போட்டா காலேஜும் போச்சு, எல்லாம் போச்சு. நான்தான் நடச் சொன்னேன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். பையனைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்கங்கிறாங்க. கொடி எந்தச் சங்கத்துலேருந்து வந்துச்சு, அதைச் சொல்லுங்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "அத எப்படி அங்க சொல்றது?"

வேலையும் போகப் போகிறது, அந்தப் பையனும் உள்ளே கிடக்கிறான், இந்த மனிதர் என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பரணிலிருந்த பெட்டியை இறக்கித் திறந்து, வெட்டியதுபோக மிஞ்சிய கீழ்ச்சுருக்கையும் நாடாவையும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் பாக்குப் பொட்டலம் கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் நான். "வாங்க போகலாம்" என்றேன்.

ஸ்டேஷனில் மிராசுதார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் சுவரோரம் குத்துக்காலிட்டிருந்தான். ஏட்டு ஒரு கொடியைக் கையில் பிடித்தபடி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அது கொடி இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"பின்ன என்னம்மா இது?"

"என் பாவாடைங்க."

ஏட்டு அதைச் சுட்டது போல மேஜையில் போட்டார். மிராசுதார் கூரையைப் பார்த்தார். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று நான் நாடாவை எடுத்து அந்த மடிப்புக்குள் விட்டு, மறுபக்கம் இழுத்துக் காட்டினேன். கீழ்ச்சுருக்கையும் பக்கத்தில் வைத்தேன். "ஒரே துணிதாங்க. வேணும்னா சேத்து வச்சுப் பாருங்க."

"சரிம்மா, சரிம்மா. போதும். எடுத்து உள்ள வைம்மா மொதல்ல" என்றார் மிராசுதார் அவசரமாக. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஏன் வாத்தியாரே, ஊர்ல வேற துணியே கெடைக்கலியா?"

"சிவப்புன்னா தூரத்துல தெரியுமேன்னு..."

"தெரிஞ்சுது! எனக்கு ரெண்டு மைலுக்கு அங்கேயே தெரிஞ்சுது!"

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பையனும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். மிராசுதார் எழுந்து, "அவனை அனுப்புங்க. ஆனா என் வயல்ல இனிமே ஒருத்தனும் கால் வைக்கக் கூடாது" என்றார். வாசல் வரை போனவர் நின்றார். "என் பையனும் ஆடுறானாமே, இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எந்த எடத்துல ஆடுறான்?"

"முன்னாடிங்க. இவன் பின்னாடி கோல்ல நிக்கிறதுனாலதான் அவன் தைரியமா முன்னாடி போறான்" என்றார் இவர்.

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

திரும்பும்போது பையன் முன்னால் வேகமாகப் போய்விட்டான். வழக்கமாக இவர் முன்னால் நடப்பார், நான் நாலடி பின்னால் வருவேன். அன்று மெதுவாக நடந்து நடந்து என் பக்கத்தில் வந்துவிட்டார். வாய்க்கால் மதகு வந்ததும், "பசிக்குது" என்றார்.

அடுத்த வாரம் அணியில் இருந்த அதிராம்பட்டினத்துப் பையன் ஊருக்குப் போய்விட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தான். அவர்களுக்கு அங்கே ஜவுளிக்கடை.

"அக்கா, எந்தக் கலர எடுத்தாலும் அதுல ஒரு கட்சி இருக்கு. கறுப்பு சிவப்புன்னா ஆளுங்கட்சி, பச்சைன்னா இன்னொருத்தர். வாப்பா கடையெல்லாம் தேடிப் பூப்போட்ட துணி எடுத்துக் குடுத்தாங்க. பூப்போட்ட கொடி எவன்கிட்டயும் இல்லக்கா."

பொட்டலத்துக்குள் இன்னொரு சின்னப் பொட்டலம் தனியாகக் கட்டியிருந்தது. "இது உம்மா குடுத்தாங்க. நான் பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அவன் போன பிறகு பிரித்தேன். ஒரு பாவாடைக்கு அளவான புதுச் சிவப்புத் துணி.

போட்டியில் எங்கள் அணி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. கமிட்டி கூடி, இவர் இருக்கட்டும் என்றது. பின்னால் வேலை நிரந்தரமும் ஆனது. ஓய்வு பெறும் வரை மைதானத்தின் நான்கு மூலையிலும் பூப்போட்ட துணிதான். நிறம் வெளுக்க வெளுக்க நான் மாற்றித் தைத்துக் கொடுப்பேன். மிராசுதார் இருந்த வரை, அந்த வழியாக அவர் வண்டி போகும்போது மட்டும் மைதானத்துப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "கோபம் இல்ல. அதுவும் உன்னோடதோன்னு பயம்" என்பார் இவர்.